மதகரசிக்கு ஒரே உயிர்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மாவு அரைத்தேன். கிரைண்டர் மறுபடி முனகுகிறது, ஆளை வரச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாலிகிராமத்தில் புது வேலை. சினிமா இல்லை, சீரியல் இல்லை, வீடியோ கேமாம். வெளிநாட்டு விளையாட்டுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறோம். ‘ஏழு மதகுகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதகரசி என்கிற வில்லி ஏழு மதகுகளையும் மூடி ஊருக்குத் தண்ணீர் வராமல் செய்துவிட்டாள். வாகை என்கிற பெண் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய்க் கடைசியில் அவளைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை.

வாகை நான். மதகரசி ரோஸ்லின். இருபது வருஷமாக எங்களுக்கு இதுதான் வாடிக்கை. இந்தி சீரியல்களில் அழுகிற மருமகள் நான், அழவைக்கிற மாமியார் அவள். அதனால் சந்தோஷமாகத்தான் போனேன்.

போய்ப் பேப்பரைப் பார்த்தால் எனக்கு வசனமே இல்லை! “குதித்தல் - சிறியது. குதித்தல் - பெரியது. அடி வாங்குதல். நெருப்புச் சுடுதல். நீரில் மூச்சுத் திணறல்.” இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. டைரக்டர் நிரஞ்சனிடம் கேட்டேன். சின்னப் பையன், தாடி மட்டும் பெரியது.

“மேடம், கேம்ல ஹீரோ அதிகம் பேச மாட்டாங்க. விளையாடுறவங்கதான் ஹீரோ. அவங்களே மனசுக்குள்ள பேசிப்பாங்க.”

அப்புறம் எனக்கு எதற்கு மைக்? சாயங்காலம் வரைக்கும் ஹப், ஹா, ஊ, ஐயோ என்று கத்தினேன். பக்கத்துத் தெருவில் யார் காதிலாவது விழுந்திருந்தால் போலீஸுக்குப் போன் போட்டிருப்பார்கள்.

ரோஸிக்கோ முழு முழுப் பக்கம். “கல்லைச் சுமந்தவள் நான். மாலையைச் சுமந்தவள் உன் தாய்.” இப்படி ஒரு வரி எனக்கு இருபது வருஷத்தில் கிடைத்ததில்லை. பொறாமை என்றெல்லாம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. மிளகும் கற்கண்டும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தேன்.

ஷேர் ஆட்டோவில் ரோஸியோடுதான் போய் வருகிறேன். அவள் போனைப் பைக்குள் போட்டால் மறுநாள்தான் எடுப்பாள். ஆகையால் நேரம், தேதி எல்லாவற்றையும் நிரஞ்சன் எனக்கு அனுப்பிவிட்டு, “ரோஸிக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம்” என்கிறான். எங்கே போனாலும் இதே கதை. நான் இவளுக்குச் சம்பளமில்லாத உதவியாளர்.

தாரிணிக்குப் பள்ளிச் சீருடை நீளமாக இருக்கிறதாம். நான் மடித்துத் தைக்கிறேன் என்றேன். “வேணாம்மா, ரோஸி ஆண்ட்டி தைச்சா தையலே தெரியாது” என்று சொல்லி அங்கே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பெற்றவள் இங்கே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

தாரிணி இந்த விளையாட்டை ஆங்கிலத்தில் ஏற்கெனவே முடித்துவிட்டாளாம். லேப்டாப்பில் போட்டுக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தேன்.

இந்த வாகையைப் போல ஒரு அடாவடிப் பெண்ணை நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் போகிறாள். அடுக்கி வைத்த பானைகளை உடைத்துக் காசை எடுக்கிறாள். வீட்டுக்காரர் சும்மா நிற்கிறார், ஏனென்றால் இவள் கதாநாயகி. பள்ளத்தில் விழுந்து செத்தாள். அடுத்த நொடியே எழுந்து வந்தாள். நெருப்பில் செத்தாள். மறுபடி வந்தாள்.

“எத்தனை தடவைடி சாவா இவ?”

“எத்தனை தடவை வேணாலும்மா. ஹீரோல்ல.”

“மதகரசி செத்தா?”

“அவ்ளோதான். கடைசியில வர்ற பாஸ் வில்லிக்கு ஒரே உயிர்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு மதகையும் கட்டியவள் அவள். கல் சுமந்து, கை தேய்ந்து கட்டியிருக்கிறாள். திறப்பு விழா அன்றைக்கு வந்து சக்கரத்தைச் சுற்றியவள் வாகையின் அம்மா. ஊர் சிலை வைத்தது சுற்றியவளுக்கு. கட்டியவளுக்கு ஒரு நன்றிகூட இல்லை. மூட மாட்டாளா பின்னே? நானாக இருந்தால் முதல் நாளே மூடியிருப்பேன். விளையாட்டு முழுக்கக் கடைசி அறையில் தனியாக நின்று, தன்னைக் கொல்ல வருகிறவளுக்காகக் காத்திருக்கிறாள். பாவம், உட்கார ஒரு நாற்காலிகூட வரையவில்லை.

“எல்லாருக்கும் வில்லியத்தாம்மா பிடிக்கும்” என்றாள் தாரிணி. அப்படியானால் வாகைக்குக் குரல் கொடுப்பவளை யாருக்குப் பிடிக்கும்? அதை அவளிடம் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு ரோஸி பேசும்போது ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். கையில் மயிர் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். சவுண்ட் இன்ஜினியர் முருகவேள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ரோஸி, மதகரசி பாவம் இல்ல?”

“பாவமா? ஊர் புள்ளைங்க வாயில தண்ணி இல்லாமப் பண்ணிட்டு நிக்கா, மூதேவி. அவளப் போயிப் பாவம்ங்கியே?”

“அவ கட்டினதுதானே?”

“கட்டினா? வீடு கட்டின கொத்தனாரு வீட்டப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருவாராட்டி?” என்று சிரித்தாள். தூத்துக்குடிக்காரி, எதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணைப் புரிந்துகொண்டவள் நான். அவள் வலி எனக்குத் தெரிகிறது. இவளுக்கு ஒரு துளி இரக்கம் இல்லை, கதையைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் மதகரசி வந்து நிற்கிறாள். இது என்ன நியாயம்?

ஜூன் 11, புதன்

மதகரசியின் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சும்மா காதில் விழுந்ததுதான். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன். “நீ திறப்பது மதகை அல்ல பெண்ணே, என் நெஞ்சை.” குக்கர் மூடி கை நழுவி விழுந்தது. கீழ் வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் நிரஞ்சன் மெசேஜ் அனுப்பியிருந்தான். நாளை வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், அதனால் இரண்டு மணிக்குப் பதில் காலை பத்து மணிக்கே வர வேண்டும். வழக்கம்போல ரோஸியிடம் நான் சொல்ல வேண்டும்.

கிரைண்டர்காரர் வந்தார். பெல்ட் மாற்றினார். இப்போது சத்தமில்லை.

சாயங்காலம் ரோஸியே போன் செய்தாள். சீருடை தைத்தாகிவிட்டதாம், தாரிணியை வரச் சொன்னாள். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, பக்கத்து வீட்டு நாய் கதை என்று அரை மணி நேரம் பேசினோம். நன்றாகச் சிரித்தேன். ராத்திரிக்கு ரவா உப்புமா.

ஜூன் 12, வியாழன்

மறந்தே போய்விட்டேன். எத்தனை வேலை இருக்கிறது வீட்டில்? மனுஷிதானே நான்.

பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் திரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரோஸி இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நிரஞ்சன் வேர்த்து ஒழுகினான். “மேடம், ரோஸிக்காகிட்ட சொன்னீங்கல்ல?” என்றான். சொன்ன மாதிரிதான் ஞாபகம் என்றேன்.

“வேணும்னா அவ வர்ற வரைக்கும் நான் வாசிச்சுக் காட்டட்டா? நேரம் வீணாகாது” என்று சொன்னேன். உதவியாகத்தான் சொன்னேன்.

பேப்பரைப் பார்க்கவே இல்லை. மைக் முன்னால் நின்றதும் அந்த ஏழு மதகும் என் தோளில் ஏறியது. இருபது வருஷம் அழுத மருமகள்கள் எல்லாரும் உள்ளேயிருந்து எழுந்து வந்து பேசினார்கள். முடித்தபோது திரையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத அம்மா!

ரோஸி ஒன்றரை மணிக்கு வந்தாள், கையில் டிபன் கேரியரோடு. எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“நேரத்த மாத்திட்டாங்களா?”

“ஐயோ, நான் சொல்லல? சொன்னேன்னு நினைச்சேனே” என்றேன்.

அவள் கேரியரைத் திறந்து தட்டில் சோறு போட்டாள். குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி.

ஜூன் 13, வெள்ளி

நான்தான் மதகரசி!

வெளிநாட்டிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேரையும் ஏற்கெனவே பேசி வைத்திருப்பதால் யாரையும் வெளியே அனுப்பவில்லை, மாற்றிப் போட்டுவிட்டான் நிரஞ்சன். வாகைக்கு இனி ரோஸி. நான் கத்தி வைத்த ஹப், ஹா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அவள் முதலிலிருந்து கத்த வேண்டும்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். பதில் பேச வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். “நல்லாப் பண்ணுட்டி” என்றாள், அவ்வளவுதான். இதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பால் பாயசம் வைத்தேன். தாரிணி குடிக்கவில்லை. “ஆண்ட்டிக்கு கஷ்டமா இருக்காதாம்மா?” என்கிறாள். அம்மாவுக்குக் கிடைத்ததில் பெண்ணுக்கு எத்தனை சந்தோஷம் பாருங்கள்.

ஜூன் 16, திங்கள்

இன்று ரோஸி வாகைக்குக் குரல் கொடுத்தாள். எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

முதல் சத்தம்: “குதித்தல் - சிறியது.” நான் ‘ஹப்’ என்று சொன்னதுதான். அவள் ‘ஹப்’ சொல்லவில்லை. குதிக்கிறதுக்கு முன்னால் ஒரு மூச்சை இழுத்தாள், பயந்து. அப்புறம் ஒரு சின்ன சத்தம், விழுந்த இடத்தில் முழங்கால் வலிக்கிற மாதிரி. அடி வாங்கும்போது ‘ஆ’ என்று கத்தாமல் பல்லைக் கடித்தாள். நெருப்புச் சுட்டபோது யாரையோ கூப்பிட வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வசனம் கிடையாது. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது, வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்திருக்கிறாள், திரும்பிப் போவோமா என்று தெரியாது. இவ்வளவும் வெறும் மூச்சில் தெரிந்தது. முருகவேள் ஹெட்போனைக் கழற்றி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 19, வியாழன்

யோசித்துப் பார்த்தால் வாகை பாவம். அம்மா செய்த தப்புக்கு இந்தக் குழந்தை ஏன் நெருப்பில் நடக்க வேண்டும்? எத்தனை தடவை செத்தாலும் படுத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறார்கள், எழுப்பி எழுப்பி அனுப்புகிறார்கள். மதகரசிக்கு என்ன குறைச்சல்? ஒரு அறையில் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். அதுவும் எவ்வளவு பேச்சு! இன்று எனக்கு நாலு பக்கம். தொண்டை வறண்டுவிட்டது.

இதைத் தாரிணியிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “ரெண்டு வாரம் முன்னாடி மதகரசிதான் பாவம்னு அழுத. இப்ப வாகை பாவம். ரோஸி ஆண்ட்டி எந்தப் பக்கமோ உனக்கு அந்தப் பக்கம்தாம்மா வேணும்.”

போய்ப் படி என்று லேப்டாப்பை மூடினேன். வாய்க்கொழுப்பு கூடிவிட்டது இவளுக்கு.

ஜூன் 24, செவ்வாய்

கடைசி நாள். மதகரசி சாகிற காட்சி. அலறலைத் தொண்டை கெடாமல் இருக்க எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள்.

எனக்கு வரவில்லை. இருபது வருஷம் அழுதிருக்கிறேன், விசும்பியிருக்கிறேன், அலறியதில்லை. எங்கள் மருமகள்கள் தலையணையில் முகம் புதைத்துத்தான் அழுவார்கள். மறுபடி மறுபடி எடுத்தோம். “மேடம், சாகுற மாதிரி இல்ல, கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு” என்றான் நிரஞ்சன். அடுத்த முறை கத்தியபோது குரலே வெடித்து இருமல் வந்துவிட்டது.

ரோஸி உள்ளே வந்தாள். வெந்நீரைக் கையில் கொடுத்தாள். “நீ உக்காருட்டி. நான் போட்டுருதேன்” என்றாள்.

எங்கள் தொழிலில் இது உண்டு. வசனம் ஒருவர், அலறல் மட்டும் இன்னொருவர். வசனம் பேசினவர் பெயர்தான் போடுவார்கள். அலறலுக்கு டூப் கொடுத்ததை இரண்டு பேரும் வெளியே மூச்சு விடக்கூடாது. அது எழுதாத சட்டம்.

ஒரே டேக். எப்படிச் சொல்வது? கோபமாக ஆரம்பித்து, நடுவில் ஆச்சரியமாகி, கடைசியில் யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி முடிந்தது. இரக்கமே இல்லாதவள், மூதேவி என்று திட்டினவள், அவளுக்கு எங்கிருந்து வந்தது அது? அந்த நிமிஷத்தில் அவளைப் பிடிக்கவே இல்லை எனக்கு. இதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் அவள் நின்றாள்.

“வேல முடிஞ்சிட்டுல்லா?”

“ஆமா.”

“அப்ப இப்பக் கேக்கேன். அந்த வியாழக்கெழம நேரம் மாத்துனது உனக்கு முந்துன நாளே தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் எங்கூட அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்த.”

“மறந்துட்டேன் ரோஸி. சத்தியமா.”

“சரி.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மறுநாளே. நிரஞ்சன் போனக் காட்டுனான்.”

“அப்பவே ஏன் கேக்கல? இத்தனை நாள் சிரிச்சுப் பேசிட்டு வந்தியே!”

“அப்பக் கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும். ரெண்டு பேருக்கும் தொண்ட போயிருக்கும். வேல கெடக்குல்லா? அதான் முடியட்டும்னு இருந்தேன்.”

ஷேர் ஆட்டோ வந்தது. அவள் ஏறினாள். நானும் காலைத் தூக்கி வைத்தேன்.

“நீ அடுத்ததுல வா” என்றாள்.

ஆட்டோவில் இடம் இருந்தது.

ஜூன் 25, புதன்

மறக்கவில்லை.

ஜூலை 2, புதன்

வேறு சீரியல் ஒன்று தொடங்கியிருக்கிறது. மருமகள் நான், மாமியார் அவள். ஒரே மைக், வெவ்வேறு நேரம். கோஆர்டினேட்டர் இனி அவளுக்கு நேரே போன் செய்கிறாராம். அவள் எடுக்கிறாளாம்.

நேற்று வாசலில் எதிரே வந்தாள். “நல்லா இருக்கியா?” என்றாள். “நல்லா இருக்கேன்” என்றேன். வேறு என்ன கேட்பது என்று நான் யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, நாலு ஊர்க்கதை பேச ஆளில்லாமல் வாய் புளித்துக் கிடக்கிறது. தாரிணி மட்டும் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

‘ஏழு மதகுகள்’ இன்று வெளியானது. தாரிணி பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகப் போட்டாள். மதகரசியின் குரல்: சுகந்தி. என் பெயர், திரை நடுவில். இருபது வருஷத்தில் முதல் தடவை. சீரியலில் எங்கள் பெயர் ரயில் மாதிரி ஓடும், யாரும் படித்ததில்லை.

நிரஞ்சன் போன் செய்தான். இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். மதகரசியின் இளமைக் கதை. அவள்தான் கதாநாயகி, ஏழு மதகையும் அவள் கட்டுகிறாள், விளையாட்டு முழுக்க அவள் பேசுகிறாள். “நீங்கதான் மேடம், சந்தேகமே இல்ல” என்றான்.

போனை வைத்ததும் ஒரு பெயரைத் தேடி விரல் தானாகப் போனது, இதைச் சொல்ல. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். மழைக்காலம், காயவில்லை. வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டினேன்.

தாரிணி இணையத்தில் வந்ததையெல்லாம் படித்துக் காட்டினாள். மதகரசி பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். வாகையைக் கொல்லவிட மனசில்லை, மதகரசியையும் கொல்ல மனசில்லை என்று ஒருவர். முதலில் பூரித்துப்போனேன். நாலைந்து படித்த பிறகுதான் கவனித்தேன். “அந்தக் கடைசி அலறல்.” “அலறலைக் கேட்டுவிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டேன்.” “சுகந்தி அவர்களே, அந்த அலறலுக்கு ஒரு கும்பிடு.”

என் நாலு பக்க வசனத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். கொஞ்சம் நீளமாம்.

“அம்மா, இந்த அலறல்...” என்று ஆரம்பித்தாள் தாரிணி. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் குரலில் சாப்பிடு கண்ணு, தூங்கு கண்ணு எல்லாம் கேட்டு வளர்ந்தவள்.

சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கி வழிந்தது. துடைத்தேன். திரும்பி வந்து, “இங்க தமிழ்ல எப்படி எழுதுறது?” என்று கேட்டேன். தாரிணி காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எழுதினேன்: “நான் சுகந்தி. வசனம் என்னுடையது. அந்த அலறல் என்னுடையது இல்லை. அது ரோஸ்லின். வாகையின் மூச்சு முழுவதும் அவள்தான். மதகரசியும் முதலில் அவளுக்கு வந்த வேடம்தான். அவளுக்கு வர வேண்டிய செய்தியை நான் மறைத்ததால் எனக்கு வந்தது.”

அனுப்பினேன்.

நிரஞ்சன் உடனே போன் செய்தான். எடுக்கவில்லை. எழுதாத சட்டத்தை மீறினவளுக்கு என்ன நடக்கும் என்று தெரியும்.

சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் பதில். யார் இந்த ரோஸ்லின், ஒரே ஆள் இரண்டு பக்கமும் இப்படிச் செய்ய முடியுமா, இரண்டாம் பாகத்து மதகரசி அவர்தான், வேறு யாரையும் ஏற்க மாட்டோம் என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒருவர் அவளுக்கு ரசிகர் மன்றமே தொடங்கிவிட்டார். என்னைத் திட்டியும் நிறைய. ரோஸியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை. எழுதியதை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, தாரிணி அதையும் காட்டித்தான் போனாள். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

அழிக்கவில்லை.